ஒரு துண்டு கேக்

கணவன் அறவாழியின் சட்டைக் கையில் கிரீம் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் வாசுகிக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிப்பின் வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பிய அன்றுதான் அவர்கள் தொழிலில் கேக் வெட்டுவார்கள். அனுப்பிவிட்டால் பிறகு ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. சிப் கைக்கு வர மூன்று மாதமாகும். அறவாழிக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் வேலை. அவளுக்கு இந்தப் பக்கம், போட்டிக் கம்பெனியில். வீட்டில் வேலைப் பேச்சு எடுப்பதில்லை என்று இருவரும் அவரவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முந்தாநாள்தான் அவள் தன் கம்பெனிச் சிப்பின் ஒரு பகுதியில் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டு கம்பெனிகளும் ஒரே இடத்தில் விலைக்கு வாங்கித் தங்கள் சிப்பில் சேர்த்திருந்த பகுதி அது. சூடேறினால் கணக்கைத் தப்பாகப் போட்டது.

“நாம சரி பண்ணிக்குவோம். வெளிய மூச்சு விடாதீங்க. எதிர்க் கம்பெனிக்காரங்க அப்படியே அனுப்பட்டும்,” என்றார் அவள் மேனேஜர்.

நேற்றுச் சாப்பிடும்போது இரண்டு முறை சொல்ல வாயெடுத்தாள். இரண்டு முறையும், “இன்னொரு தோசை வைக்கவா?” என்றுதான் வந்தது.

“என்ன அப்படிப் பாக்குறே?” என்றான் அறவாழி. இரண்டு வருடத்தில் அவன் முகம் இவ்வளவு தெளிந்து அவள் பார்த்ததில்லை. பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய கேக் துண்டை எடுத்தான்.

“என்ன விசேஷம்னு மட்டும் சொல்ல மாட்டேன்,” என்று விண்டு, அவள் உதட்டருகே நீட்டினான்.

அவள் வாயைத் திறந்தாள்.