குதிரைப்படை உடுப்பு

கைபேசித் திரையில் மகனைக் கண்டதும் சிவனேஸ்வரி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

போலந்தில் குதிரைப் பண்ணையில் வேலை செய்கிற பிரதாபன், காக்கி உடுப்பும் இடுப்பில் வாளுமாக நின்றான். பின்னால் ஒரு குதிரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா இது? எந்தப் படையில சேர்ந்தனீ?"

"ஐயோ அம்மா, இது சும்மா. இண்டைக்கு இஞ்ச விழா. ஆள் காணாதெண்டு முதலாளி என்னையும் குதிரையில ஏத்திவிட்டார்."

சிரித்துக்கொண்டே கதையைச் சொல்லத் தொடங்கினான்.

அந்த ஊரில் ஒரு குதிரைப்படை இருந்ததாம். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு ஊர்ப் பெடியன்களைச் சேர்த்துத் தொடங்கினார்களாம். வருடத்தில் ஒருநாள் குதிரைகளோடு தேவாலயத்துக்குப் போவார்களாம். ஊரே பூவோடு தெருவில் நிற்குமாம்.

பிறகு ஜெர்மன்காரன் வந்தான். விமானங்கள் மேலே நின்று குண்டு போட, காட்டுக்குக் காடு பின்வாங்கிப் போனார்கள். கடைசியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் படைக்கொடியை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். எந்த மரம் என்று தெரிந்த ஒருவரும் திரும்பி வரவில்லை.

சிவனேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைபேசியோடு குசினிக்குப் போனாள். உலைமூடியைத் திறந்தாள், மூடினாள். முற்றத்துக்கு வந்தாள். காயப்போட்ட நெல்லைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. துரத்தத் தோன்றவில்லை.

அவன் வாளை உருவிக் காட்டினான். கீரைகூட வெட்டாது என்றான்.

"அந்தப் படையில பெட்டையளும் இருந்தவையோ?"

பிரதாபனின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இல்லையம்மா. ஆம்பிளையள் மட்டும்தான்."

"மேல் தெறியைக் கழட்டு."

"குளிருதம்மா."

"கழட்டு தம்பி. கழுத்தைக் காட்டு."

அக்கா தேனுகா கடைசியாக வீட்டுக்கு வந்தபோது அவன் சின்னப் பிள்ளை. இயக்க உடுப்போடு வந்தாள், சாப்பிட்டாள், பின்னேரமே போய்விட்டாள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். சாப்பிட்ட களைப்பில் அவள் கண்ணயர்ந்ததும், அம்மா மெல்லக் குனிந்து அவளுடைய கொலரை விலக்கிப் பார்த்ததும் அவனுக்குத் தெரியாது.

மேல் பொத்தானைக் கழற்றிக் கைபேசியைக் கிட்டக் கொண்டுவந்தான்.

வெறும் கழுத்து. கறுப்பு நூல் இல்லை. நூலில் தொங்குகிற நஞ்சுக் குப்பியும் இல்லை.

சிவனேஸ்வரி நெடுநேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். "இப்ப குதிரையைக் காட்டு."