ஆழம் பூஜ்யம்

மஞ்சூர் சாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வழி தெரியாது, போனில் சிக்னலும் இருக்காது. அதற்காகவே ஜீப் ஓட்டும் மருதாசலம் குன்னூருக்குப் போய் ஜிபிஎஸ் கருவி கேட்டார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சாலைக்கு மட்டும். மற்றது படகுக்கும் ஆகும்.

"இது தண்ணி ஆழமும் காட்டுமுங்க. பூஜ்யம் வந்தா படகை நிறுத்தீரோணும், தரை தட்டீரும். இந்த வயரைத் தண்ணிக்குள்ள விட்டாத்தான் காட்டும்."

திரை பெரிதாக இருந்ததால் மருதாசலம் படகுக்கானதையே வாங்கினார். வயர், கவர்கூடப் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் பனிமூட்டத்தில் திரும்பும்போது, திரையின் மூலையில் ஆழம் நாற்பது அடி என்று வந்தது. அடுத்த வளைவில் இருபது. பிறகு ஏழு. பூஜ்யம் வந்ததும் அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது. இறங்கிப் பார்த்தார். நான்கு எட்டு வைக்கும் தூரத்தில், சாலை சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது.

சுற்றுவழியில் வீடு வந்து, மனைவி வேலாமணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

வேலாமணி பெட்டியைத் திறந்து, பிரிக்காத கவரைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே வயரிலிருந்து தண்ணீர் சொட்டி அடியில் தேங்கியிருந்தது.

"ஏனுங்க, அடுப்போரமாக் காயப் போடட்டுங்களா?"

"வேண்டாம் புள்ள. நாளைக்கும் மிஸ்ட்டு எறங்கும். அப்படியே இருக்கட்டும்."