மேனேஜரின் பதினைந்து நாள் சேவை

"நேரம் தவறாமை! இந்த ஒண்ணு இருந்தா போதும், எப்பேர்ப்பட்ட நிர்வாகமும் உருப்பட்டுடும்!" என்று ஆள்காட்டி விரலை உயர்த்தினார் மேனேஜர்.

எதிரே பதினோரு பேர் இருந்தார்கள். இருவர் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசைக் கிழவன் மட்டும் கன்னத்தில் கையை வைத்து இமை கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கம்பிவலைக்கு வெளியே நின்ற மேனேஜருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார். ஒருவராவது காது கொடுத்துக் கேட்டார் என்றால், அது இந்தக் கிழட்டுச் சிம்பன்சிதான்.

மீட்கப்பட்ட குரங்குகளுக்கான அந்த மையத்துக்கு அவர் தொண்டு செய்ய வந்தது தானாக வந்த ஆசையினால் அல்ல. ஓய்வு பெற்ற நான்காம் மாதம், ஃபிரிட்ஜை யார் எப்போது திறக்கலாம் என்று ஒரு அட்டவணை போட்டு அதன் கதவிலேயே ஒட்டினார். அதைத் திறக்க வீட்டில் இருந்தது அவருடைய மனைவி மட்டும்தான்.

"பதினஞ்சு நாள் அங்க போயிட்டு வாங்க. புடிச்சிருந்தா மேல வெச்சுக்குவாங்களாம்," என்றாள் மனைவி. "அவங்களும் உங்களைத் திருப்பி அனுப்பிட்டா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். பெட்டியைத் தூசி தட்டி வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

முதல் நாளே கூண்டுக்காரம்மா அவரைச் சுற்றிக் காட்டினாள். கூண்டு கழுவுவதிலிருந்து பழம் நறுக்குவதுவரை அங்கே எல்லாம் அவள் பொறுப்பு. கிழவன் அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் கை முடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் தோல் சீவிய கிழங்கு மாதிரி மொழுமொழுவென்று இருந்தன.

"சர்க்கஸ்ல இருந்து வந்தவன் சார். பொழுது போகாம இப்படிப் பிச்சுக்கறான். டயர், பொம்மை, டி.வி. எல்லாம் வெச்சுப் பார்த்தாச்சு. பத்து நிமிஷம்கூடத் தாங்கல."

"ஒழுங்கு இல்லை, அதான்," என்றார் மேனேஜர்.

மறுநாள் வாழைப்பழத்துக்கு நேரம் குறித்தார். அதை ஏன் குறித்தேன் என்று கூண்டின் முன்னால் நின்று நாற்பது நிமிடம் விளக்கினார். துடைப்பத்தைக் கொடுத்தால், பெருக்குவதில் உள்ள குறைபாடுகளை விளக்கினார். கேரட் நறுக்கச் சொன்னால், மற்றவர்கள் நறுக்கிய துண்டுகளை அளவெடுத்து ஆறு துண்டுகளைத் தள்ளுபடி செய்தார். பதினைந்து நாளில் அவர் கழுவியது அரைக் கூண்டு. அதையும் கூண்டுக்காரம்மா மறுபடி கழுவினாள்.

ஆனால் அவர் பேசும்போதெல்லாம் அவள் நோட்டும் பேனாவுமாக ஓடி வந்து நிற்பாள். குறிப்பெடுக்கிறாள் என்று மேனேஜருக்கு ஒரே பெருமை. அவரைப் பார்த்ததைவிட அவள் கிழவனின் கைகளைப் பார்த்ததுதான் அதிகம்.

கைகளில் புசுபுசுவென்று முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. "நேரத்துக்கு வாழைப்பழம். வேற ஒண்ணும் இல்லை," என்றார் மேனேஜர் அடக்கமாக.

இன்று பதினைந்தாம் நாள். மையத்தின் மிருக வைத்தியரான டாக்டரம்மா கூப்பிடுவதாக ஆள் வந்தபோது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நடந்தார். போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? வீட்டில் இனி அட்டவணை போடக்கூட ஆள் இருக்காது.

"சார், நீங்க போகக் கூடாது," என்றார் டாக்டரம்மா எடுத்த எடுப்பில். "இன்னும் ஆறு மாசமாவது இருந்தாகணும். உங்க இடத்துல வைக்க எங்ககிட்ட வேற ஒண்ணுமே இல்லை."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார். "கேட்டியா? இன்னும் ஆறு மாசமாவது இருக்கணுமாம். நான் இல்லாட்டி இங்க ஓடாதாம்!"

"ஆறு மாசமா? எழுதி வாங்கிக்குங்க," என்றாள் மனைவி.

அதுவும் சரிதான் என்று பட்டது. அடுத்த மாதப் பணிப் பட்டியல் சுவரில் தொங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி கீழிருந்து மேலே படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன டாக்டரம்மா இது? கூண்டு கழுவறதுல இல்லை, பழம் நறுக்கறதுல இல்லை, மேற்பார்வையிலகூட இல்லை. என் பேரு எங்கதான் இருக்கு?"

டாக்டரம்மா முகம் மலரச் சொன்னார்:

"கிழவனோட மருந்துச் சீட்டுல இருக்கு சார். தினம் ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்."