ஒரு ஸ்வரம் கீழே

“சுகுமாறன் அங்கிளை இந்த வருஷம் பாட விடாதீங்க அத்தை.”

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் விஷ்ணுப்ரியா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கூடத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரமணி வடையைத் தட்டில் அடுக்கியபடியே கேட்டார். “ஏன், என்ன ஆச்சு?”

“இப்ப ஒவ்வொருத்தரையும் தனியா பாடச் சொன்னேன்ல? கடைசி வரியில மெட்டு மேல ஏறுது. அவரு ஏறவே மாட்டேங்கிறாரு. ஒரு ஸ்வரம் கீழயே நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை கிள்ளான் சர்ச்சுல அத்தனை பேர் முன்னால பாடணும். நீங்கதானே சொல்லிக்குடுன்னு என்னைக் கூப்பிட்டீங்க?”

விஷ்ணுப்ரியா ரமணியின் அண்ணன் மகள். இசை படித்தவள். ரமணி, வாணி, தனேஷ், சுகுமாறன் நால்வரும் பள்ளி நண்பர்கள். சர்ச்சுக்குப் போகிறவர் சுகுமாறன் மட்டும்தான். ஆனாலும் டிசம்பர் வந்துவிட்டால் நால்வரும் சேர்ந்துதான் கிறிஸ்துமஸ் கேரல் பாடுவார்கள்.

“அவனுக்குக் காது சரியா கேக்காது, ப்ரியா. அதை அவன் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல. நாங்களும் கேட்டதில்ல. வீட்டுக்காரி தவறினதுக்கப்புறம் வெளியவே வராம கிடந்தான். பாடலாம் வாடான்னு கூப்பிட்டோம், வந்தான். வாயைத் திறந்தா சுருதி எங்கயோ நிக்குது.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிலா சொல்றது? பாட்டையும் பிடுங்கிட்டா அவனுக்கு என்ன இருக்கு?” ரமணி கையைத் துடைத்துக்கொண்டார். “அவனால எங்ககிட்ட வர முடியல. அதனால நாங்க அவன்கிட்ட போயிட்டோம். அவன் கீழ நின்னா, தனேஷ் இன்னும் கீழ இறங்கிடுவான். வாணி அவன் ஸ்வரத்துக்குப் பக்கத்துல போய் நின்னுக்குவா. நான் மேல ஏறிடுவேன். அவனுக்கு இது எதுவும் தெரியாது. நீ நாலு பேரையும் சேர்த்துக் கேளு, அப்புறம் சொல்லு.”

கூடத்தில் நால்வரும் எழுந்து நின்று பாடினார்கள். கடைசி வரி வந்தபோது கீபோர்டிலிருந்த விஷ்ணுப்ரியாவின் கைகள் தாமாகவே நின்றன. அவள் படித்த எதிலும் அப்படியொரு ஸ்வரச் சேர்க்கை இல்லை. மகிழ்ச்சியான பாட்டுதான். ஆனால் முடிகிற இடத்தில் எதையோ நினைத்துக்கொண்டது போல ஒரு கனம்.

அதன் பிறகு அவள் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பாடி முடித்ததும் சர்ச்சின் பாடகர் குழுத் தலைவர் தேடிக்கொண்டு வந்தார். “இந்த ஹார்மனி யாருங்க போட்டது? நான் இப்படிக் கேட்டதே இல்லையே.”

“நாங்க நாலு பேரும் பாடிப் பாடி அதுவா வந்துச்சுங்க,” என்றார் ரமணி. பக்கத்தில் நின்ற சுகுமாறன் தலையாட்டிச் சிரித்தார்.

சுகுமாறனைப் பூச்சோங்கில் இருந்த அவர் வீட்டுக்கு விஷ்ணுப்ரியாதான் காரில் அழைத்துப் போனாள். வழியெல்லாம் மழை. வைப்பர் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிருங்க அங்கிள்,” என்று சாலையைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான்.

“எதுக்கும்மா மன்னிப்பு?”

அவள் திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்தாள். “அங்கிள்... உங்களுக்குக் கேக்குதா?”

“காது ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. மூணு பேர்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லிடாத.”

“அப்போ அந்தக் கடைசி வரி? அது உங்களுக்கு ஏறவே ஏறாதா?”

சுகுமாறன் மெல்லப் பாடிக் காட்டினார். ஏற வேண்டிய இடத்தில் ஒரு பிசிறில்லாமல் ஏறினார்.

“காது வந்தப்புறம்தான், அவங்க இத்தனை வருஷமா எனக்காக என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னே எனக்குக் கேட்டுச்சு,” என்றார். “இப்போ நான் சரியா பாடினா, அவங்க மூணு பேரும் தப்பாயிடுவாங்களேம்மா.”