மேப்பிள் மரத்தடியில் ஒரு கார்

அந்தச் சாம்பல் நிறக் கார் இந்த ஞாயிறும் வந்து எதிர் வீட்டு மேப்பிள் மரத்தடியில் நின்றது. உள்ளே ஒருவன் காப்பி குடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்னிஸ் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். ஒஹையோவில் பள்ளி பஸ் ஓட்டும் அவளுக்கு, முதல் வீடு வாங்க முன்பணம் கொடுத்ததே மாவட்ட வீட்டு நிதி வாரியம்தான். வாடகைக்கு விட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். அவளோ பின்னறையைக் கொலெட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

"வாரியத்து ஆளேதான். பின்பக்கமா கெளம்பு, கொலெட்."

"எங்க போறது?"

"சர்ச்சுக்குப் போ. போயி எத்தனை மாசமாச்சு?"

கொலெட் முனகிக்கொண்டே போனதும், பெர்னிஸ் நேரே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"யாரு உங்கள அனுப்புனது?"

"வாரியத்து வகுப்புலதான் சொன்னாங்க, மேடம். முதல் வீடு வாங்குறவங்க, தெரு எப்படின்னு நாலஞ்சு தடவ வந்து உட்கார்ந்து பாக்கணுமாம். இந்த மரத்து வீட்டைத்தான் விலை பேசியிருக்கேன்."

பெர்னிஸ் சிரித்துவிட்டாள்.

"அட, நானும் அந்த வகுப்புதான் தம்பி. போன வருஷம் சாயந்தரமானா இதே மரத்தடியில கார்ல உட்கார்ந்திருப்பேன்."

அவன் காப்பியைக் கீழே வைத்தான்.

"அது நீங்கதானா? இந்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. யாரோ ஒரு பொம்பள கார்ல உட்கார்ந்து வேவு பாத்தாளாம். அப்புறம் எதிர்லயே குடிவந்து, எந்நேரமும் திரைய விலக்கிப் பாக்குறாளாம். அதான் பயந்துபோய் விக்கிறாங்க."