ரோஜாப்பூ நோட்டீஸ்

"எவன் செஞ்ச வேலைடா இது!"

போனைப் பார்த்ததும் நைஜலுக்கு ரத்தம் கொதித்தது. மலேசியாவின் கிளாங்கில் அவர்கள் சர்ச் நடத்தும் உணவுச் சந்தைக்கு யாரோ ஒரு நோட்டீஸ் செய்து, ஊரெல்லாம் வாட்ஸ்ஆப்பில் பரப்பிவிட்டிருந்தார்கள். நாலு பக்கமும் ரோஜாப்பூ. நடுவில் ஆவி பறக்கும் பிரியாணி. மேலே இரண்டு தேவதூதர்கள். மஞ்சள், சிவப்பு, பச்சையில் கொட்டை கொட்டையாய் எழுத்து.

சின்னதாய்த் தெரிந்ததற்கே அவனுக்குக் கண் கூசியது. திறந்து முழுசாய்ப் பார்க்க மனசு வரவில்லை. கடைசி வருஷ கிராஃபிக் டிசைன் மாணவன் அல்லவா!

அதே சந்தைக்கு அவனும் நோட்டீஸ் செய்திருந்தான். அதுதான் அவனுடைய இறுதி புராஜெக்ட். அச்சில் ஒன்று, திரையில் ஒன்று. வெள்ளைத் தாள், நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அது மிளகாயாம். தேதியும் இடமும் கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில்.

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில், "பாஸ், ஃபைல் முழுசா வரல போல" என்றார்கள். கலைஞனுக்கே உரிய பொறுமையோடு சிரித்தான்.

சர்ச் வாசலில் ஒட்டியபோது சந்தைக் கமிட்டித் தலைவி மகதலேனா ஆன்டி, "என்ன தம்பி, மை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தான்.

சர்ச் ஹால் டிவியில் அந்தப் புள்ளி மெல்லத் துடித்தது. டிவி கெட்டுப்போச்சு என்று யாரோ சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்கள்.

இனி மிச்சம் கட்டுரைதான். தன் வேலை மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தானே அலசி எழுத வேண்டும். அதில் கோட்டை விட்டால் இன்னொரு செமஸ்டர் உட்கார வேண்டியதுதான்.

நைஜல் தன் புள்ளியைப் பற்றி ஒரு வரி எழுதினான். மீதிப் பக்கமெல்லாம் ரோஜாப்பூவைத் திட்டித் தீர்த்தான். 'இது டிசைன் இல்லை, கண்ணுக்குச் செய்யும் கொடுமை. இதைச் செய்தவர் கையில் இனி போனே கொடுக்கக் கூடாது.' வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை அப்படியே இணைத்து, லெக்சரர் மிஸ் சியூவுக்கு அனுப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. மகதலேனா ஆன்டியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்ற முடிவோடு சர்ச்சுக்குப் போனான். வேறு யார் செய்திருப்பார்கள்?

உள்ளே நுழையவே முடியவில்லை. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. புட்டுமாயக் கடையில் இடியாப்பம் அதற்குள் காலி.

"நைஜல் தம்பி!" ஆன்டி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தனையும் உன் நோட்டீஸுக்கு வந்த கூட்டம் லா! என் மாமியாரே கண்ணாடி இல்லாம தேதியைப் படிச்சுட்டாங்க. அந்த ரோஜாப்பூ இருக்கே, அடடா!"

"ஆன்டி, அது நான்..."

"சும்மா இரு. அதான் பேரே போட்டிருக்கே!" போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ரோஜாவுக்கும் கீழே, தங்க நிறத்தில்: 'டிசைன்: நைஜல் கிரிகரி.'

விட்டால் போதும் என்று, தண்ணீர்க் கடையில் ரோஸ்மில்க் பண்டுங் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா கிரிகரியிடம் ஓடினான்.

"டேடி, எவனோ என் பேரைப் போட்டு..."

"நான்தான்டா." அப்பா ஜக்கை வைத்துவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தார். "எப்போ, எங்கேன்னு எல்லாரும் என்கிட்டதான் கேட்டாங்க. புள்ளி வைக்கவா உன் மகன் காலேஜ் போறான்னு சிரிச்சாங்க. எனக்குத் தாங்கல. லோரியை நிறுத்துற இடத்துல எல்லாம் யூடியூப் பார்த்து, தடவித் தடவிச் செஞ்சேன். நல்லா வந்துச்சு, அதான் நீ செஞ்சதுன்னு சொல்லிட்டேன். பூ ரொம்ப ஜாஸ்தியா?"

நைஜலுக்கு, தான் எழுதி அனுப்பிய ஒவ்வொரு வரியும் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து போன் சிணுங்கியது. மிஸ் சியூ.

'நைஜல், சொந்த வேலையையே இப்படி நார் நாராய்க் கிழித்த மாணவனை நான் பார்த்ததே இல்லை. இந்த நேர்மைக்கு முழு மார்க்.'

"யாருடா? காலேஜா? ஏதும் பிரச்சினையா?" அப்பாவின் முகம் வாடியது.

நைஜல் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டான்.

"ஒண்ணுமில்ல டேடி. உங்க ரோஜாப்பூவுக்கு முழு மார்க்காம்."