நாலாவது கம்பி

"ஆரம்பத்துல சூரத்தனம்! எங்க அக்கா எதைத்தான் முழுசா முடிச்சிருக்கா? மேடைன்னதும் பாருங்க, விரல் வலி வந்துடுச்சு!"

அரங்கத்தின் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கிட்டார் மாஸ்டர் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் இருந்த அவருடைய மாணவர்கள் ஆறு பேரும் சிரித்தார்கள்.

அவர்களைக் கூட்டி வந்தவரே அவர்தான். தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வுபெற்ற அக்கா, அறுபது வயதில் தன் டீச்சர் நடத்தும் நிகழ்ச்சியில் முதல் தடவையாக மேடையேறி யுகுலேலே என்ற நாலு கம்பிக் குட்டி கிட்டாரை வாசிக்கப் போகிறாள். தம்பிக்குப் பெருமை இருக்காதா? "நீங்க முன்னாடி போங்க, பின்னாலேயே வர்றேன்" என்றவள் வரவில்லை. விரல் வலி என்று ஃபோனில் ஒரு வரிதான் வந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் யார் சோம்பினாலும் அக்காதான் உதாரணம். "எங்க அக்கா மாதிரி கடைசி நேரத்துல கைகழுவிடாதீங்க" என்பார்.

அந்த நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் இன்னொன்றும் நடந்திருந்தது. மாஸ்டர் அதை மறந்தே போயிருந்தார்.

வீட்டுக் கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அக்கா யுகுலேலேயோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"தம்பி, ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்றியா?"

மாஸ்டருக்கு கிட்டாரில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். யுகுலேலேயை அவர் கையால் தொட்டதில்லை. அவர் கணக்கில் அது பொம்மைக் கடைச் சாமான். இருந்தாலும் கேட்பது அக்கா ஆயிற்றே.

"வாசிக்கா."

இரண்டாவது வரி முடிவதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்து, நிறுத்து. நாலாவது கம்பி ஏன் இப்படிக் கீச்சுங்குது?"

"இல்லடா, அது அப்படித்தான்னு டீச்சர்..."

"என்ன டீச்சரோ! மேல இருக்கற கம்பி தடிமனா, கனத்த குரல்ல பேசணும்க்கா. அதுதான் அஸ்திவாரம். யாரோ மெல்லிசுக் கம்பியைக் கொண்டுபோய் மேல கட்டியிருக்கான். இருக்கறதே நாலு கம்பி, அதையும் ஒழுங்கா கட்டத் தெரியல!"

ஆறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா அவர்களை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்படியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் மாஸ்டர் தன் பெட்டியிலிருந்து ஒரு தடித்த கிட்டார் கம்பியை எடுத்து மாட்டி, சுருதியும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அக்கா மறுபடி வாசித்தாள். மெட்டு நடுவழியில் தடுக்கி விழுந்தது.

"பழகப் பழகச் சரியாயிடும்க்கா" என்று தைரியம் சொல்லி அனுப்பினார். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கவும் செய்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு விளம்பரப் பட ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தது.

"அரை நிமிஷம் யுகுலேலே வாசிக்கணும் மாஸ்டர். முடியுமா?"

"கிட்டார்ல ரெண்டு கம்பியைக் கழட்டினா யுகுலேலே. இதுல என்ன இருக்கு?"

ஸ்டுடியோவில் கொடுத்ததை வாங்கி ஒரு மீட்டு மீட்டினார். அதே கீச்சுக் குரல்.

"யாருங்க இதுக்குக் கம்பி கட்டினது? நாலாவது தப்பு."

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "தப்பு இல்ல மாஸ்டர். வழக்கமா இதுக்கு அதுதான் முறை. அந்தக் கம்பி உசந்த குரல்ல பேசினாத்தான் யுகுலேலேக்கே அழகு. கவலைப்படாதீங்க, கிட்டார்காரங்க எல்லாரும் முதல் நாள் இதையேதான் சொல்வாங்க."

மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது. அரை நிமிஷ வாசிப்புக்கு அரை நாள் பிடித்தது. வாசித்ததைவிட அக்காவை நினைத்ததுதான் அதிகம்.

வீட்டுக்குப் போனதும் நேரே மாடி ஏறினார். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு என்னோடது. உன் கம்பி சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

"தெரியும்டா" என்றாள் அவள், தலையணை உறையை உதறியபடி. "டீச்சர் முதல் நாளே சொல்லிட்டாங்களே."

"அப்புறம் ஏன்க்கா வாயே திறக்கல?"

"உன் ஸ்டூடண்ட்ஸ் ஆறு பேரும் உன் வாயையே பாத்துட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி உனக்கு நான் பாடம் எடுக்கறதா?"

"அவங்க போனதும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இறங்கி வந்தேன். நீ ஃபோன்ல யார்கிட்டயோ அதையே சொல்லிச் சிரிச்சுட்டிருந்தே. சரி, போகட்டும்னு திரும்பிட்டேன்."

மாஸ்டருக்கு மூன்று மாதமாக வகுப்பில் அவளை வைத்து அடித்த கேலியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாடிக்கு அத்தனையும் கேட்டிருக்கும்.

"இன்னிக்கே கம்பியை மாத்திடறேன்க்கா. அடுத்த மேடையில நீ..."

"டீச்சர் போன மாசமே குடும்பத்தோட வேற ஊருக்குப் போயிட்டாங்க. வகுப்பும் இல்ல, மேடையும் இல்ல. விடுடா."

அவரால் விட முடியவில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்த ஒரே பாட்டை அவள் விடாமல் பழகியது அவருக்குத் தெரியும்.

"பழைய கம்பியை மாட்டிக்கிட்டு அன்னிக்கு நீ வந்திருக்கலாமேக்கா? எதுக்கு விரல் வலின்னு பொய் சொன்னே?"

அக்கா மடித்த துணியைக் கட்டில்மேல் வைத்தாள்.

"நீ மாட்டின கம்பியோட வந்தா, யாரு இப்படி மாத்தினதுன்னு டீச்சர் மேடையிலேயே கேப்பாங்க. பழைய கம்பியோட வந்தா, மாஸ்டர் மாட்டினது எங்கேன்னு முன்வரிசையில உன் ஸ்டூடண்ட்ஸ் கேப்பாங்க. எப்படி வந்தாலும் தலைகுனியப் போறது நீ. நான் எந்தக் கம்பியோடடா வர்றது?"